பனித்திட்டிலிருந்து பாகூருக்கு ஒரு மீன் கூடை

கரிக்கலாம்பாக்கத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஸ்கூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "சார்ஜ் தீந்துபோச்சுக்கா," என்றாள் பிலோமினா, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.

அது பேட்டரி ஸ்கூட்டர். மெதுவாகத்தான் போகும், அதனால் லைசென்ஸும் வேண்டாம், பதிவு எண்ணும் வேண்டாம். கிராமங்களைச் சுற்றிவர அவள் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் கொடுத்தது. வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கிருமாம்பாக்கம் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவள் அவள். மலேசியாவிலிருந்து விருந்தாளியாக வந்த என்னைக் கூட்டத்தில் நசுக்கக் கூடாது என்று முந்தின நாள் அலுவலக வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்திருந்தாள். அந்த மரியாதையை இப்போது இரண்டு பேரும் வெயிலில் தள்ளிக்கொண்டு போனோம்.

முதலில் தென்பட்ட டீக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. "கரண்ட்தான, சொருவிக்கோங்க. உக்காந்து டீ சாப்புடுங்க," என்றார். எங்கள் ஊர் ஈப்போவில் ஒரு தேநீர் வாங்கினால் அரை மணி நேரம் உறிஞ்சலாம். இங்கே கண்ணாடி டம்ளர் இரண்டு மடக்கில் முடிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு நான் நான்கு டீ குடிக்க வேண்டியிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். விபத்திலோ வாதத்திலோ கை கால் முடங்கியவர்கள் மறுபடி சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, தங்கள் பழைய வேலைக்குத் திரும்பப் பழக்குவது என் தொழில். இணையவழி வகுப்பு ஒன்றில் பழக்கமான பிலோமினாதான் என்னைக் கூப்பிட்டாள். பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அவள் நிறுவனம் பிழைப்புக்கு உதவி செய்கிறது. உடம்பு முடியாமல் போனவர்களுக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்று வந்து பார்த்துச் சொல்லச் சொன்னாள். மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலாவது டீக்கு நடுவில் அவள் பையிலிருந்து பட்டியலை எடுத்து வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தொழில் என்று ஒரு வார்த்தை, உதவி என்று இன்னொரு வார்த்தை.

"அஞ்சலாட்சி, பனித்திட்டு. தொழில், மீன் வியாபாரம். இப்ப செய்ய முடியாது. உதவி, தையல் மெஷின்."

"அவங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"கத்துக்குடுப்போம்க்கா."

மறுநாள் பனித்திட்டுக்குப் போனோம். கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சவுக்குத் தோப்புகள், அப்புறம் மணல், அப்புறம் கடல். அஞ்சலாட்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். வலது கை மட்டும் உடம்போடு ஒட்டியே இருந்தது.

"இன்னா, மலேசியாவா? எங்க பெரிப்பா மவன் அங்கதான் கீறாரு, ஓட்டல்ல. பாத்துக்கிறியா?" என்று கேட்டார். பார்த்ததில்லை என்றேன். அவ்வளவு சின்ன ஊரில் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னார். கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறப் போனார். மீன் வாடை அடிக்கும், ஏறாதே என்று கண்டக்டர் தடுத்தார். இவர் தலையில் அன்னக்கூடையோடு படியில் ஒரு கால் வைத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. விழுந்ததில் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. இப்போது வலி குறைந்துவிட்டது, ஆனால் கை மார்பு உயரத்துக்கு மேலே போகவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னேன்: பயிற்சி செய்தால் தலை சீவும் அளவுக்கு வரும். தலையில் பாரம் தூக்கி வைக்கும் அளவுக்கு இனி வராது.

பிலோமினா உடனே தையல் இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"தையலா? யம்மா, ஊசில நூலு கோக்கவே நா பக்கத்து வூட்டுப் புள்ளையக் கூப்புடுவன். வேணாண்ணு சொல்லல. குடுத்தா வாங்கிக்கிறன். ஆனா அத்த வச்சினு நா இன்னா பண்ணுவன்னு மட்டும் கேக்காத."

அவருடைய கணவர் கலியமூர்த்தி ஃபைபர் படகில் ஆளாகப் போகிறவர். கடல் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நாள் தவறாமல் வீட்டுக்குள் வந்தது அஞ்சலாட்சியின் கூடையிலிருந்துதான். அது நின்றதும் மகள் திவ்யா கல்லூரியை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டுத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அம்மாவின் தோளில் கிழிந்த தசைநார் மகளின் படிப்பில் போய் முடிந்திருந்தது. எந்தப் படிவத்திலும் இது இல்லை.

நான் அஞ்சலாட்சியிடம் ஒன்று கேட்டேன். "நாளைக்கு நீங்கள் எப்பவும் போகிற மாதிரி வியாபாரத்துக்குப் போங்கள். நான் கூட வருகிறேன். எங்கே முடியவில்லையோ அங்கே நில்லுங்கள்."

"மீனு வாங்காமயா?"

"வாங்கித்தான்."

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும். எங்கள் ஊர் நெத்திலிச் சம்பலை நினைத்துக்கொண்டு கை வைத்தேன். இது வேறு ஜாதி உறைப்பு. மூக்கில் ஒழுகியதைப் பார்த்துத் திவ்யா தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள்.

விடிகாலையில் கரைக்குப் போனோம். படகுகள் மணலில் ஏறியிருந்தன. பெண்கள் வட்டமாக நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சியைப் பார்த்ததும் வட்டம் தானாகக் கொஞ்சம் அகன்றது. அவர் மீனைத் தொடக்கூட இல்லை. செவுளை ஒரு பார்வை, கண்ணை ஒரு பார்வை. மற்றவர்கள் மூன்று கூடையைத் துழாவி முடிப்பதற்குள் கிழங்கானும் சங்கராவும் இவர் பக்கம் வந்துவிட்டன. ஐஸை உடைப்பது, அடுக்குவது, ஈரச்சாக்கு போடுவது எல்லாவற்றையும் இடது கையாலும் இடுப்பு உயரத்துக்குள் வலது கையாலும் செய்தார். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தார். அன்னக்கூடையின் விளிம்பைப் பிடித்தார். அங்கே நின்றார்.

பக்கத்தில் நின்றவர் தூக்கி வைத்துவிட்டார். சாலை வரைக்கும் நடந்தோம். பஸ் எங்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டியது. ஷேர் ஆட்டோ ஒன்று ஏற்றிக்கொண்டது. அதில் ஏற்கெனவே எட்டுப் பேர். நான் ஒரு முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாதி வெளியில் தொங்கினேன். இறங்கும்போது மீன் தண்ணீர் என் தோளில் வழிந்தது. பாகூருக்குள் நடக்க ஆரம்பித்ததும்தான் நான் இந்த ஊருக்கு எதற்காக வந்தேன் என்பது எனக்கே புரிந்தது.

"மீனே... கெழங்கா, சங்கரா..." முதல் குரலுக்கே கதவுகள் திறந்தன.

"யாரு, அஞ்சலாட்சியா? செத்தாப் போயிட்ட, ஆறு மாசமா ஆளயே காணம்?" என்று ஒரு அம்மா திட்டிக்கொண்டே பாத்திரத்தோடு வந்தார். இன்னொரு வீட்டில் பிரசவித்த பெண்ணுக்குப் பால் சுரக்க மீன் கேட்டார்கள். "இன்னிக்கு நல்ல பால்சுறா வர்ல. வந்தா எடுத்து வெக்கிறன்," என்றார் இவர். எந்த வீட்டில் முள் இல்லாத மீன் வேண்டும், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை குரல் கொடுக்கக் கூடாது, யார் தலையோடு வாங்குவார், யாருக்குச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டே, அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சேலியமேட்டில் ஒரு வரன் இருப்பதைச் சொன்னார். கூடையை இறக்கவும் ஏற்றவும் ஒவ்வொரு தெருவிலும் யாராவது வர வேண்டியிருந்தது. பத்து மணிக்குள் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. கூடையும் காலியாகியிருந்தது.

அன்று மத்தியானம் என் குறிப்புப் புத்தகத்தில் காலையிலிருந்து அவர் செய்த வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அதில் அவரால் முடியாதது மூன்றே மூன்று: தலைக்குத் தூக்குவது, சுமந்து நடப்பது, பஸ் ஏறுவது. பட்டியலில் இருந்த 'மீன் வியாபாரம், இப்போது செய்ய முடியாது' என்ற வரி பொய் என்று பிலோமினாவிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அந்த வரிய எழுதினது நான்தான்க்கா," என்றாள் அவள்.

அடுத்த மூன்று நாட்கள் என் முட்டாள்தனத்துக்கு. ஈப்போவில் பசார் என்கிற சந்தைக்குப் போகும் அம்மாக்கள் எல்லோரும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டிப் பை ஒன்றை இழுத்துக்கொண்டு போவார்கள். அதைப்போல ஒன்றைப் புதுச்சேரிக் கடைத்தெருவில் தேடிப்பிடித்து வாங்கினேன். வெற்றியோடு பனித்திட்டுக்குக் கொண்டுபோனேன். மணலில் சக்கரம் கால் முழம் இறங்கியது. தார்ச்சாலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம். கிருமாம்பாக்கம் திருப்பத்தில் ஒரு கல்லில் ஏறிக் கவிழ்ந்தது. சங்கரா மீன்கள் செக்கச்செவேலென்று சாலையில் சிதறின. லாரி ஒன்று எங்களுக்காக நின்றது. மீனுக்காக இரண்டு நாய்கள் நின்றன.

அஞ்சலாட்சி இடது கையால் மீனைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். எனக்கு அழுகை வந்தது.

"உட்டுத்தள்ளு. உங்க ஊரு ரோடு வேற, எங்க ஊரு ரோடு வேற," என்றார். அப்புறம் சிரித்தார். "ஆனா சக்கரம்னு நெனச்ச பாரு, அது சரி."

ஞாயிற்றுக்கிழமை பிலோமினாவின் வீட்டில் இருந்தேன். மாதாகோயிலில் பூசை முடிந்து வந்து கறிக்குழம்பும் இட்லியும் சாப்பிட்டோம். அந்த மாதாகோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அவள் நிறுவனம் சென்ற வருடம் தையல் இயந்திரம் கொடுத்திருந்தது. அவர்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்கித்தான் கூட்டிப் போனாள். முதல் வீட்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே தையல் கடையில் வேலை செய்தவர். ஜாக்கெட்டுகள் மலைபோலக் கிடந்தன. எங்களோடு பேசக்கூட நேரமில்லை. இரண்டாவது வீட்டில் இயந்திரத்தின் மேல் துணி விரித்து டிவி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் வயலில் நாற்று நடுகிறவர். முதுகு வலிக்காகக் கொடுத்த இயந்திரம். "குனிஞ்சு தச்சா இன்னும் வலிக்குது மேடம். குடுத்த பொருள விக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, அதான் துடச்சு வச்சிருக்கேன்," என்றார்.

திரும்பி வந்து பிலோமினா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவங்க நாள் முழுக்க இன்னா பண்றாங்கன்னு நான் ஒரு நாள் கூட நின்னு பாக்கலக்கா," என்றாள். "வெள்ளிக்கிழமை எங்க கமிட்டி கூடி யாருக்கு இன்னா உதவின்னு முடிவு பண்ணும். அஞ்சலாட்சி பேரு தையலுக்குப் போகக் கூடாது."

திங்கட்கிழமை திவ்யாவோடு திருவாண்டார்கோயிலுக்குப் போனேன். தொழிற்சாலைக்குள் என்னை விடமாட்டார்கள் என்று தெரியும். போகிற வழியையாவது பார்க்க நினைத்தேன். இரண்டு பஸ். இரண்டாவதில் வடக்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்களுக்கு முன்னால் நின்று இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தி புரிகிற திவ்யா காதோடு சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொல்லுது, பண்டிகைக்கு ஊருக்குப் போனா அம்மா திரும்ப அனுப்ப மாட்டாங்களாம். அதனால போவ மாட்டேங்குது."

"நீ கல்லூரிக்குத் திரும்பிப் போவாயா?" என்று கேட்டேன்.

"அம்மா ஒக்காந்துட்டா நான் எப்படிக்கா போறது?" கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள். "அவங்க வூட்ல சும்மா ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. இப்ப பாக்கறேன். அதான் கஷ்டமா இருக்கு. வேலை கஷ்டம் இல்ல."

தொழிற்சாலை வாசலில் அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் கோயில் பக்கம் ஒரு கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பனித்திட்டுக்குத் திரும்பினேன். வழி தவறி வேறு பஸ்ஸில் ஏறி மதகடிப்பட்டு வரைக்கும் போய் இறங்கிய கதையைச் சொன்னால் பிலோமினா கோபித்துக்கொள்வாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலாட்சி வாசலில் நின்ற பிலோமினாவின் ஸ்கூட்டரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். வலது கையை அதன் மேல் வைத்தார். கை மார்புக்குக் கீழேதான் இருந்தது.

"இத்த புடிக்க எனக்கு வலிக்கல," என்றார். "கடலூர்லேந்து ஒரு ஆளு மொபெட்டுல பொட்டி கட்டிகினு வரான். என் தெருவுல நொயஞ்சிட்டான். அவனுக்கு மீனப் பத்தி ஒன்னும் தெரியாது. வண்டி கீது, அவ்ளோதான். எனக்கு எல்லாம் தெரியும், வண்டிதான் இல்ல."

நானும் பிலோமினாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளாக அந்த வண்டி அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்து மைதானம். பிலோமினா பின்னால் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் ஓடினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. அஞ்சலாட்சி கைப்பிடியைத் திருகினால் வண்டி பாய்ந்தது. பயந்து விட்டால் நின்றது. நான்கு முறை கால் ஊன்றினார். ஐந்தாவது முறை கோல்கம்பத்தில் போய் மோதினார். வேலி ஓரமாக நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் எழுந்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார். "சிரிங்கடி. இன்னும் நாலு நாளு சிரிங்க."

கலியமூர்த்தி கடலிலிருந்து வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டதும் வீட்டில் சத்தம். "பொம்பள வண்டியில மீனு வித்தா ஊருல இன்னா பேசுவாங்க? வூட்ல ஒக்காரு. நா கொண்டாறன்."

"நீ கொண்டாந்தப்ப பேசலாம்," என்றார் அஞ்சலாட்சி. பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். நான் வந்த விருந்தாளி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் மைதானத்தை நேராகச் சுற்றினார். புதன் கிருமாம்பாக்கம் சாலை ஓரமாக ஓட்டினார், பின்னால் நான் உட்கார்ந்திருக்க. எதிரில் லாரி வரும்போதெல்லாம் இருவரும் ஒரே சாமியைக் கூப்பிட்டோம். இடையில் ஒரு மணி நேரம் கதவுக்கு மேல் கயிறு போட்டு, இடது கையால் இழுத்து வலது கையை உயர்த்தும் பயிற்சி. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். போதும் என்றால் நிறுத்த மாட்டார். நான்தான் கயிற்றைப் பிடுங்க வேண்டும்.

வியாழன் காலையில் பிலோமினா செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். அலுவலக ஸ்கூட்டரின் பின்இருக்கையில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். "பத்து மணிக்குள்ள வண்டி ஆபீஸ்ல இருக்கணும். கழுவிட்டுக் குடுங்க," என்றாள். பெட்டி ஆடியது. கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டினோம், மறுபடி ஆடியது. உள்ளேயிருந்து கலியமூர்த்தி வந்தார். பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். படகில் வலை கட்டும் நைலான் கயிற்றை எடுத்துவந்து மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பெட்டி ஆடவில்லை.

அன்று அஞ்சலாட்சி பாகூர், சேலியமேடு இரண்டையும் முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வந்துவிட்டார். யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுக்கவில்லை. நான் பின்னால் ஷேர் ஆட்டோவில் துரத்திப் போயும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

வண்டியைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினோம். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் நிறுவனத்தின் செயலாளர் இருக்கையின் தையலில் இரண்டு செதிலைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பாகூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கமிட்டி கூடுவதற்கு முன்பே பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. "நான்தான் சார் குடுத்தேன். விளக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதித் தரேன்," என்றாள். அந்த வேலையை நம்பித்தான் அவள் வீடும் இருக்கிறது.

கமிட்டியில் ஐந்து பேர். நான் என் இரண்டு பக்கத்தை வாசித்து, தையல் இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு பேட்டரி வண்டி கேட்டேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. பெண்களுக்கு வண்டி கொடுக்கறதில்லன்னு நாங்க வச்சதுக்குக் காரணம் இருக்கு. முன்னாடி ரெண்டு பேருக்குக் கொடுத்தோம். வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. தையல் மெஷின யாரும் எடுக்க மாட்டாங்க."

நான் மலேசியாவில் யோசித்து வைத்திருந்த எதிலும் இந்தக் கணவர்கள் இல்லை.

கதவோரம் நின்றிருந்த அஞ்சலாட்சி, "நா பேசலாமா சார்?" என்றார்.

பேசலாம் என்றார்கள்.

"மெஷின ஏன் எடுக்க மாட்டாங்கன்னா, அத்த வச்சி ஒன்னியும் பண்ண முடியாது சார். அதான். வண்டிய என் பேருல எழுதுங்க. அதுல பொட்டி போல்ட் போட்டுக் கெடக்கும். மீனு நாத்தம் அடிக்கிற வண்டிய எங்கூட்டுக்காரரு எங்க ஓட்டிகினு போவாரு, கல்யாணத்துக்கா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொன்னு சார். உங்க தெருவுக்கு நா ஆறு மாசமா வர்ல. உங்க வூட்ல இப்ப யாருகிட்ட வாங்கறாங்க?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் மொபெட்ல வர்றார். கடலூர்லேந்து."

"உங்க அம்மாவுக்குப் பல்லு இல்ல. கெழங்காதான் சாப்புடுவாங்க, முள்ள எடுத்துக் குடுக்கணும். அவன் எடுத்துக் குடுக்கறானா?"

செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இல்ல," என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "அம்மா இப்ப மீனே வேணாங்கறாங்க," என்றார்.

"நேத்துதான் மறுபடி வந்தன் சார் உங்க தெருவுக்கு. ஆயா மீனு சாப்புட்டாங்களா இல்லியான்னு வூட்ல கேட்டுப் பாருங்க. எனக்குத் தைக்கத் தெரியாது. இதுதான் தெரியும். தெரிஞ்சத செய்ய வுடுங்க."

முடிவு உடனே வந்துவிடவில்லை. எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிலோமினா வேப்பமரத்தடியில் நின்று விரல் நகத்தைக் கடித்தாள். அஞ்சலாட்சி பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு செயலாளரே வெளியில் வந்தார். வண்டி அஞ்சலாட்சி பெயரில். பெட்டியை போல்ட் போட்டுப் பொருத்திக் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பிலோமினா எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் உள்ள மற்ற எல்லோருடைய வீட்டுக்கும் மறுபடி போய், ஒவ்வொருவரோடும் ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டு வந்து எழுத வேண்டும்.

"அது தண்டனையா சார்?" என்று கேட்டாள் அவள்.

"எப்படி வேணா எடுத்துக்கோம்மா."

வண்டி அடுத்த வாரத்தில் வந்தது. என் கடைசி வாரம் முழுவதும் பிலோமினாவோடு அந்த மற்ற வீடுகளுக்குத்தான் போனேன். எல்லாம் சுலபமாக முடியவில்லை. ஒரு கொத்தனாரோடு இரண்டு நாள் இருந்தும் அவருக்கு எங்களால் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிலோமினா அவர் பெயருக்கு நேரே காலியாகவே விட்டிருக்கிறாள், மறுபடி போவாள். பட்டியலில் தையலுக்கு இருந்த ஒரு பெண் உண்மையிலேயே தையலைத்தான் கேட்டார். நாற்று நடும் அந்த அம்மாவிடம் இயந்திரத்தைத் திரும்ப வாங்கி இவருக்குக் கொடுத்தோம். அந்த அம்மா டிவியை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார்.

திவ்யா வேலையை விடுவதாகத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டாள். கல்லூரியில் விட்ட இடத்திலிருந்து சேரலாம் என்றிருக்கிறார்கள். நான் கிளம்புகிற அன்று போன் செய்தாள். "அம்மா எழுப்பறதுக்கு முன்னாடியே நான் எழுந்துட்டேன்க்கா," என்றாள், அதை ஏன் எனக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாததுபோல.

கிருமாம்பாக்கத்தில் சென்னை பஸ்ஸுக்காக நின்றேன். பிலோமினா என் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியனுப்ப வருகிறேன் என்று சொல்லியிருந்த அஞ்சலாட்சியைக் காணவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பனித்திட்டுத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி வாக்கில் ஒரு ஹாரன் கேட்டது. வெள்ளைப் பெட்டி, வரிந்து கட்டிய சேலை, நிமிர்ந்த முதுகு. அவருக்குப் பின்னால் இன்னொரு மீன்காரப் பெண் பெட்டியில் ஒரு கையை வைத்து, அவர் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மைதானத்து வேலியில் நின்று சிரித்தவர்களில் ஒருத்தி. திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். ஸ்கூட்டர் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தது.

நான் கையை ஆட்டினேன். நிற்பார் என்று பையைக் கீழே வைத்தேன்.

"ஐஸு கரையுதுக்கா! போன் பண்றன்!" என்று கத்திக்கொண்டே அவர் எங்களைத் தாண்டிப் பாகூர் சாலையில் திரும்பிப் போய்விட்டார்.